நல்லா இருக்குதுங்க

எங்கள் பக்கத்தில் ஒருவர் "நல்லா இருக்குதுங்க" என்று சொன்னால் உடனே நம்பிவிடக் கூடாது. கல்யாணப் பந்தியில் ரசம் உப்புக் கரித்தாலும், எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதைத்தான் சொல்வோம். எவனாவது புதுவீட்டுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பெயின்ட் அடித்து வைத்தாலும் அதைத்தான் சொல்வோம். கழுத்தை அறுக்க வருகிறவன்கூட இங்கே "சித்தே தலையத் திருப்பிக்கறீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பான். நாமும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கத்தி நல்லா இருக்குதுங்க என்போம். இந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட வேண்டும். என் அம்மாவைக் கெடுத்தது அதுதான்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் தென்னந்தோப்பு. தோப்புக்குள்ளேயே வீடு. அப்பா போன பிறகு அம்மா மாசாணியம்மாளும் நானும்தான் இருக்கிறோம். நான் கட்டிக்கொண்டு போய், சரிப்படாமல் திரும்பி வந்தவள். அது வேறு கதை. உடுமலையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தம்பி கிருபாசங்கர் கோயமுத்தூரில், விளம்பரப் படங்களுக்கு ஒலி சேர்க்கிற ஒரு ஸ்டுடியோவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான்.

மூன்று வருடத்துக்கு முன்பு, எங்கிருந்தோ எங்கேயோ கரண்ட் கொண்டுபோகிற உயர் அழுத்த மின்பாதை எங்கள் தோப்பைக் கிழித்துக்கொண்டு போனது. காய்ப்பு மரங்களாகப் பார்த்து வெட்டினார்கள். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கோபுரத்தை நட்டார்கள். கம்பி வீட்டை ஒட்டியே போகிறது. கரண்ட் விட்ட நாளிலிருந்து ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவன் 'ம்ம்ம்' என்று முனகுவது போல. பனி இறங்கினாலோ தூறல் விழுந்தாலோ, அதோடு எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தமும் சேர்ந்துகொள்ளும். அது நிற்கிறதே இல்லை.

எனக்குப் பழகிவிட்டது. அம்மாவுக்குப் பழகவில்லை. படுப்பாள், எழுந்து உட்காருவாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று வெளியே போவாள். ஆறு மாதத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பட்டப்பகலில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்து, முந்தானையில் தீப்பிடித்து, நான் ஓடிப்போய் அணைத்தேன். ஆனைமலையில் என் சித்தி வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போனவள் அங்கே அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். எழுப்பினால்கூட எழவில்லை என்று சித்தி பயந்துபோய் எனக்குப் போன் பண்ணினாள். ஆக, கோளாறு எங்கே என்று எங்களுக்குத் தெரியும். கம்பியை நூறடி தள்ளி ஓடைப் புறம்போக்கு வழியாகக் கொண்டுபோங்கள் என்று மனுக் கொடுத்தோம். நஷ்டஈடெல்லாம் கேட்கவில்லை. அம்மா தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

கிருபாவுக்கு அப்போது வந்த கோபத்தை நான் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, நிஜமான கோபம். மைக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். கோபுரத்தின் காலில் ஒன்றைக் கட்டினான். கொட்டகைத் தகரத்தில் ஒன்று, வேலிக் கம்பியில் ஒன்று, கிணற்றுக்குள் கயிறு கட்டி ஒன்று இறக்கினான். "எங்கம்மா காதுல என்ன உளுகுதுன்னு ஊரு உலகமெல்லாம் கேக்கோணும்க்கா. கேட்டு ஒருத்தனும் தூங்கப்படாது" என்றான். அந்தச் சத்தத்தையே நீட்டி, அடுக்கி, கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்து ஒரு ஆல்பம் ஆக்கினான். ஏழு பகுதி. பாட்டும் இல்லை, தாளமும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. 'கம்பிக்குக் கீழே' என்று பெயர் வைத்தான். இது என் அம்மாவின் தூக்கத்தைத் தின்ற சத்தம் என்று அடியில் இரண்டு வரி எழுதினான்.

வெளியிடுவதற்கு முன்னால் வீட்டுக்கூடத்தில் பெரிய ஸ்பீக்கர் வைத்து எங்களுக்குப் போட்டுக் காட்டினான். பக்கத்துத் தோட்டத்துச் சின்னான் அண்ணனும் வந்திருந்தார். கால்மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். அப்புறம் என் பக்கம் குனிந்து, "ஏனம்மணி, பாட்டு எப்ப வரும்?" என்றார். கிருபாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அம்மா சிரிக்கவில்லை. வெளியே ஓடுகிற சத்தம் இப்போது வீட்டுக்குள்ளேயும் ஓடியது. அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கிருபா, "எப்படிம்மா இருக்குது?" என்றான்.

"நல்லா இருக்குது சாமி" என்றாள். பிறகு கொல்லைப்புறம் போய்க் குமட்டினாள். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அவனிடம் சொல்லலாம் என்று போனேன். அம்மா என் கையைப் பிடித்து, "புள்ள ஆசையாப் பண்ணியிருக்கான், நீ சும்மா இரு" என்றாள்.

ஆல்பம் வெளியானது. ஒரு மாதம் நாய்கூடச் சீந்தவில்லை. அப்புறம் யாரோ ஒருத்தர் எங்கேயோ பகிர, திடீரென்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். லட்சக்கணக்கில். எல்லோரும் கேட்டார்கள், தம்பி ஆசைப்பட்ட மாதிரியே. ஆனால் ஒருத்தரும் பதறவில்லை. எல்லோரும் தூங்கினார்கள்!

"இதைப் போட்டால்தான் என் குழந்தை தூங்குகிறது" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். "பத்து வருடத் தூக்கமின்மை போய்விட்டது, நன்றி" என்று ஒருவர். "மலையடிவாரத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது." "கடவுள் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது." ஒருவன் எழுதியிருந்தான்: "அம்மா மடியில் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது." டேய், எந்த அம்மா மடியில்டா படுத்திருக்கிறாய்? அந்த அம்மா இங்கே கண்ணில் பீளை கட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கோயமுத்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற அறையில் இதைத்தான் போடுகிறார்களாம். என் கடைக்கு வருகிற ஒரு வாத்தியாரம்மா, இனிமேல் தூக்க மாத்திரை வேண்டாம், போனில் ஒரு இசை கிடைத்திருக்கிறது என்று எனக்கே போட்டுக் காட்டினாள். என் வீட்டுக் கம்பி என் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் முனகியது. நானும் என்ன சொன்னேன்? நல்லா இருக்குதுங்க என்றேன். நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே!

முதலில் கிருபா தலையில் அடித்துக்கொண்டான். "லூசுங்கக்கா, ஒருத்தனுக்கும் புரியல" என்றான். போகப் போக அந்தப் புலம்பல் குறைந்தது. சாப்பிடும்போதும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பெங்களூரிலிருந்து யாரோ பேட்டி எடுத்தார்கள். ஒருநாள் பார்த்தால், ஆல்பத்துக்கு அடியில் எழுதியிருந்த இரண்டு வரியைக் காணோம்.

"எங்கடா அது?" என்றேன்.

"கேக்கறவங்க சொல்றாங்கக்கா, அதப் படிச்சா மனசு கலங்குது, அமைதி கெட்டுப்போகுதுன்னு. அதான் எடுத்துப்போட்டேன்."

"கலங்கோணும்னுதானடா பண்ணுன?"

"இசை அதப் பேசும்க்கா" என்றான். பளாரென்று ஒன்று விட்டிருப்பேன். அம்மா தோசை கொண்டுவந்துவிட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் மனு கலெக்டர் ஆபீசில் விசாரணைக்கு வந்தது. அம்மா விசேஷத்துக்குக் கட்டுகிற அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டாள். எங்களுக்கு வக்கீல் இல்லை. கிருபா பேசுகிறேன் என்றான். சத்தத்தைப் பற்றி ஒழுங்காகத்தான் சொன்னான். அம்மாவின் உடம்பைப் பற்றி நான் சொன்னேன், டாக்டர் சீட்டைக் காட்டினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மின்பாதை போட்ட கம்பெனியின் வக்கீல் சென்னகிருஷ்ணன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது.

பிறகு அவர் எழுந்தார். "அம்மா படற சிரமத்த நானொண்ணும் இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்ங்க" என்று சொல்லிவிட்டு, சின்ன ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்துப் போனைத் தட்டினார். எங்கள் கம்பி ஆபீசுக்குள் முனக ஆரம்பித்தது. கிருபாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே அது பரவியது. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். பாவி மனுஷன், ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். "நல்லாருக்கே, என்னங்க இது?" என்றார்.

"இவங்க தோப்புச் சத்தமுங்க. தம்பியே பதிவு பண்ணி வெளியிட்டிருக்காருங்க. இத்தன லட்சம் பேரு இதக் கேட்டுத்தான் தூங்கறாங்க" என்று சென்னகிருஷ்ணன் ஒவ்வொன்றாகப் படித்தார். குழந்தை தூங்குகிறதாம். கடவுள் மூச்சு விடுகிறாராம். அம்மா மடியாம். "இது தொந்தரவுன்னு அதுல எங்கயாச்சும் ஒரு வரி இருக்குதான்னு பாருங்க ஐயா. ஒண்ணுமில்லீங்க." தம்பி சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டான் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

"அது மாத்திச் செஞ்சதுங்க, அசல் சத்தம் வேறங்க" என்று கிருபா எழுந்தான்.

சென்னகிருஷ்ணன் தம்பி பக்கம் திரும்பி, கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "பேட்டியில நீங்களே எதையும் மாத்தலீன்னு சொல்லியிருக்கீங்களேங்க தம்பி" என்றார். கிருபா உட்கார்ந்துவிட்டான்.

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். "ஏனுங்கம்மா, இது உங்க தோப்புல கேக்கற சத்தந்தானுங்களா?"

"ஆமாங்க."

"இதப் பண்ணுனது?"

"என்ர பையனுங்க."

"நீங்க சொல்லுங்க. எப்படி இருக்குதுங்க?"

அறையில் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் கிருபாவைப் பார்த்தாள். அவன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். நாலு பேர் மத்தியில், பெற்ற மகன் செய்த ஒன்றை நன்றாக இல்லை என்று மாசாணியம்மாள் சொல்வாளா? செத்தாலும் சொல்ல மாட்டாள்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள்.

தட்டச்சுச் சத்தம் கேட்டது. நான் குதித்து எழுந்தேன். "ஐயா, அது மரியாதைக்குச் சொல்றதுங்க! எங்கூட்ல எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க சொல்லுவோம்! உங்களுக்குத் தெரியாதுங்களா, நீங்களும் இந்தப் பக்கந்தானுங்களே!"

அவருக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அம்மணி, உக்காருங்க. சொன்னதத்தான எழுத முடியும்" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

சத்தம் தாங்க முடியாத தொந்தரவு என்று நிரூபணமாகவில்லை, மனுதாரரே அது நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், பாதையை மாற்ற முகாந்திரம் இல்லை என்று உத்தரவு வந்தது. கிருபா அன்றைக்கே ஆல்பத்தை எடுத்துவிடுகிறேன் என்று அழுதான். நான் எடுத்துத் தொலை என்றேன். அம்மாதான் விடவில்லை. "எந்த ஊட்டுக் கொழந்தைகளோ, தூங்கீட்டுப் போகுது, உடு" என்றாள். அவனும் சரி என்று விட்டுவிட்டான். சீக்கிரமாகவே விட்டுவிட்டான் என்று எனக்குத் தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வந்திருந்தான். சாப்பாடு முடிந்து பார்த்தால், அம்மா உள்ளறைக் கட்டிலில் நேராகப் படுத்திருக்கிறாள். கண் மூடியிருக்கிறது. காது இரண்டிலும் அவனுடைய பழைய இயர்போன். பக்கத்தில் கிடந்த போனில் 'கம்பிக்குக் கீழே' ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே கம்பி ஓடுகிறது. கிருபாவின் முகம் மலர்ந்துபோனதை நான் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் கையைத் தொட்டு, "கேக்கறயாம்மா?" என்றான்.

அவள் கண்ணைத் திறந்தாள். தூங்கியிருக்கவில்லை. ஒரு இயர்போனைக் கழற்றினாள்.

"ஒரு மாசமா டெய்லி போட்டுக் கேக்கறேன் சாமி" என்றாள். "ஊரு உலகமே இதக் கேட்டுத் தூங்குது. அந்த ஆபீசரய்யாகூட ஒரு நிமிசத்துல கண்ணச் சொருகிட்டாரு. எனக்கு மட்டும் வரமாட்டேங்குது. சத்தத்துமேல தப்பில்ல சாமி. என்ர தலையிலதான் என்னமோ கோளாறு."

அவள் அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"பாவம், அந்தக் கம்பெனிக்காரங்கள வீணா அலைய உட்டுப்போட்டோம். நீதான் நல்லா எழுதுவயே. தப்பு எம்மேலதான், மன்னிச்சுக்கோங்கன்னு அவியளுக்கு ஒரு வார்த்த எழுதிப் போட்டுரு."