பெயர் வெட்டாத கல்

டைல்ஸ் பெட்டிகள் வந்து இறங்கிய பிறகுதான், தன் அடுப்படி மேடை எப்படி இருக்கப்போகிறது என்பது கோமதித்தாய்க்குத் தெரிந்தது. வெள்ளைப் பீங்கான் ஓடு. மூலைக்கொரு ரோஜாப்பூ. கணவனின் அண்ணன் காசிராஜன் மதுரைக்குப் போன இடத்தில் சம்பந்தி வீட்டில் அதைப் பார்த்திருக்கிறார். ஊர் திரும்பியதும் டைல்ஸ் கடை பாதுஷாவிடம் சொல்லி, கழுகுமலை ரோட்டில் தம்பி கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

காசிராஜனுக்குத் தறிக்கூடம் இருந்தது. தம்பி ஆறுமுகச்சாமி அதிலேயே கணக்கு எழுதினார். அண்ணன் சொன்னால் தம்பி தலையாட்டுவார். வீட்டு வாசல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, எல்லாம் அப்படித்தான் முடிவானது. கோமதித்தாய் ஒன்றிலும் வாய் திறக்கவில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு காரியம். புது வீட்டில் நின்று சமைக்க ஒரு மேடை வேண்டும்.

தேரடிக்குப் பக்கத்துக் கூட்டு வீட்டில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குத்தவைத்தே சமைத்தவள் அவள். போன ஆடித் தபசுக்கு வந்த விருந்தாளிகளுக்கு ஆக்கிப்போட்டுவிட்டு எழுந்தபோது முழங்கால் பூட்டிக்கொண்டது. காசிராஜனின் மனைவி முத்துத்தாய்தான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். அன்றைக்கே கோமதித்தாய் மனதுக்குள் முடிவெடுத்தாள், இனி தரையில் உட்கார்ந்து அடுப்பு ஊதுவதில்லை என்று.

பெட்டியைப் பிரித்து ஒரு ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பளபளவென்றுதான் இருந்தது. தென்காசியில் தங்கச்சி வீட்டிலும் முதலில் பளபளவென்றுதான் இருந்தது. ஒரு வருசத்தில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள சிமிண்டுக் கோடெல்லாம் மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கறுத்துவிட்டது. தேங்காய் உடைத்த அதிர்ச்சியில் நடுவில் ஒரு ஓடு பிளந்து, அதற்குள் எறும்பு குடிபோனது. தங்கச்சி பல்விளக்கும் பிரஷ்ஷை வைத்து அந்தக் கோடுகளைத் தேய்த்துக்கொண்டிருந்ததை இவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் ஆறுமுகச்சாமி வந்தார்.

"இது எனக்கு வேண்டாம். ஒரே கல்லாப் போடணும். இடையில கோடு இருக்கக்கூடாது."

"அண்ணன் ஆசைப்பட்டு வாங்குனது, கோமதி."

"அத்தான் ஆசைப்பட்டா அவுக அடுப்படில ஒட்டிக்கிடட்டும். இங்கன நிக்கப்போறது நான்."

"அவருட்ட நான் என்னன்னு சொல்ல?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன்."

மறுநாள் காலையில் அவள் மாட்டுவண்டி பிடித்தாள். பெட்டிகளை ஏற்றி, தானும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கடைத்தெரு வழியாகப் பெட்டிகளின் மேல் கை வைத்தபடி ஒரு பொம்பிளை போவதைப் பூக்கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நேராகப் பார்த்துக்கொண்டு போனாள்.

பாதுஷாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "பெரியவரு எடுத்த சரக்கும்மா இது. அவரு வந்து சொல்லாம நான் எப்படி மாத்துவேன்?"

"அவுக எடுத்தாக. சமைக்கிறவ திருப்புதேன். ஒரு பெட்டிதான் பிரிச்சது, ஓடு ஒண்ணும் ஒடையல, பார்த்துக்கிடுங்க. பதிலுக்குக் கல்லு காமிங்க."

அவர் கடப்பாக்கல்லைக் காட்டினார். கறுப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. கோமதித்தாய் பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, கடைப் பையன் வைத்திருந்த கத்தியால் வெட்டி, கல்லில் பிழிந்தாள்.

"என்னம்மா பண்ணுதிய?"

"வீட்டுல தெனமும் புளியும் எலுமிச்சையும்தான சிந்தும். இப்பவே பாத்துருவோமே."

கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தபோது அந்த இடம் வெளிறியிருந்தது. சலவைக்கல்லிலும் பிழிந்தாள், மினுமினுப்புப் போய்ச் சொரசொரத்தது. பாதுஷா அவசரமாக ஒரு துணியை எடுத்துக் கல்லைத் துடைத்தார். பிறகு, இவளை விட்டால் கடையிலுள்ள கல்லையெல்லாம் கெடுத்துவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ, கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே சாக்குக்கு அடியில் நீளமாக ஒரு கருங்கல் பலகை சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் மிஷினில் பாலிஷ் போட்டு முகம் தெரிகிற அளவுக்கு மின்னியது.

"ஒரு கல்யாண மண்டபத்துல உபயதாரர் பேரு வெட்டக் கொண்டாரச் சொன்னாங்க. யாரு பேரு முதல்லங்கிறதுல அவுகளுக்குள்ள சண்டை வந்து, கல்லு இங்கனயே கிடக்கு."

கோமதித்தாய் மீதிப் பழத்தை அதில் பிழிந்தாள். பையில் கொண்டுவந்திருந்த மஞ்சள்பொடியையும் தூவினாள். பாதுஷா வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டு முந்தானையால் துடைத்தாள். கல் அப்படியே இருந்தது.

"இத வண்டியில ஏத்தச் சொல்லுங்க."

கல் வந்து சேர்ந்தபோது கொத்தனார் மூக்காண்டி மேடைக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். கோமதித்தாய் போய் நின்று, தன் இடுப்புக்குக் கீழே சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள்.

"இந்த ஒசரம்."

"எல்லா வீட்லயும் இதவிட ஒசரமாத்தான தாயி வைப்போம்."

"எல்லா வீட்லயும் நானா சமைக்கேன்? குட்டச்சி நான். எனக்குத் தக்கன வைங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு வரிசைச் செங்கலைப் பெயர்த்தார். ஆனால் கல்லை மேடையில் ஏற்றச் சொன்னபோது கையைக் கட்டிக்கொண்டார். பெரியவர் வந்து சொல்லட்டும் என்றார்.

சொல்வதற்குக் காசிராஜனே வந்துவிட்டார். கடைத்தெருவில் யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் வந்து கல்லைப் பார்த்தார். பின்னாலேயே ஆறுமுகச்சாமி.

"கருங்கல்லு சாமி இருக்கிற இடத்துக்குத்தான் ஆகும். குடும்பம் நடத்துத வீட்டுக்கு ஆகாது. இதுகூடத் தெரியாதா?"

காசிராஜன் தம்பியைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் கோமதித்தாயிடமிருந்து வந்தது.

"அம்மியும் ஆட்டுரலும் கருங்கல்லுதான அத்தான்? நான் வந்த நாளாத் தேரடி வீட்டுல அதுலதான அரைச்சேன். அந்தச் சட்னியத்தான நீங்க சாப்பிட்டிய. குனிஞ்சு அரைக்க ஆகும்னா, நின்னு சமைக்கவும் ஆகும்."

மூக்காண்டி கரண்டியைத் தண்ணீர் வாளியில் போட்டுக் கழுவ ஆரம்பித்தார். இந்த வீட்டுப் பெண்கள் யாரும் காசிராஜனுக்கு நேர் பதில் சொன்னதில்லை. கோமதித்தாய் கல்லின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"அப்ப சரி. பால்காய்ப்புக்கு நான் வரணுமா, இந்தக் கல்லு இருக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லு, ஆறுமுகம்."

"நீங்க வரணும் அத்தான். கல்லும் இருக்கும்."

அவர் விறுவிறுவென்று வெளியேறினார். ஆறுமுகச்சாமி வாசல்வரை பின்னாலேயே போனார். அண்ணனோடு போய்விடுவார் என்றே கோமதித்தாய் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லின் ஒரு தலைப்பைப் பிடித்தார்.

"ஏன்வே பாத்துக்கிட்டு நிக்கீரு? அந்தப் பக்கம் பிடியும்," என்றார் மூக்காண்டியிடம்.

சித்தாள்களும் கைகொடுக்க, கல் மேடையில் போய் உட்கார்ந்தது.

பால்காய்ப்பு அன்று காசிராஜன் வரவில்லை. சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அவர் முகத்துக்காக வராமல் இருந்துவிட்டார்கள். பந்திக்கு விரித்த பாயில் இடம் காலியாகக் கிடந்தது. ஆறுமுகச்சாமி அடிக்கடி தெருவைப் பார்த்தார். கோமதித்தாய் பார்க்கவில்லை. புது கேஸ் அடுப்பைக் கல்லின்மேல் வைத்து, நிமிர்ந்து நின்று பாலைக் காய்ச்சினாள். பொங்கி வழிந்த பாலைத் துணியால் ஒரே வீச்சில் துடைத்தாள். சாப்பிட ஆளில்லாமல் மிஞ்சிய சாம்பாரைப் பார்க்க வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காகத் தரையில் போய் உட்கார முடியுமா?

வெயில் தாழ்ந்த பிறகு கொல்லைவாசல் கதவு தட்டப்பட்டது. முத்துத்தாய் நின்றாள். கையில் ஒரு தூக்குச்சட்டி.

"அத்தான் அனுப்புனாகளா அக்கா?"

"அவுக எதுக்கு அனுப்புதாக? கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

முத்துத்தாய் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு மேடையருகே போனாள். நெடுநெடுவென்ற உடம்பு அவளுக்கு. கல்லை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை உள்ளங்கையால் தடவினாள். கத்தி பிடிப்பது மாதிரி கையை வைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்குவதுபோல நாலைந்து தடவை வெறுங்கையை அசைத்துப் பார்த்தாள். முதுகு வளைந்தது. மறுபடி நிமிர்ந்து நின்றாள்.

"ஏட்டி கோமதி, எனக்கு இது பத்தாது. இன்னும் நாலு விரக்கடை ஒசத்தணும்," என்றாள். "அந்தக் கொத்தனாரு நாளைக்கு எங்கன வேலை பாக்காரு?"