ஆல்விஸின் கூரையும் பென்ஸின் முதுகும்

1973இல் என் கல்யாணத்தன்று, மூணாறு மாட்டுப்பட்டி தேயிலை எஸ்டேட் மேனேஜர் தன் ஆல்விஸ் காரை எனக்குத் தந்தார். நான் அவருடைய டிரைவர், அழகுமலை. கார் 1934இல் இங்கிலாந்தில் செய்தது. மணிக்குத் தொண்ணூறு மைல் போகும். இந்தியாவில் இதுபோல் மூன்றுதான் என்பார் மேனேஜர். மற்ற இரண்டை நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை.

கீழே பள்ளிவாசல் எஸ்டேட்டில் மணப்பெண் முத்துப்பேச்சி காத்திருந்தாள். எங்கள் பக்கம் முகூர்த்தம் முடிவதைப் பஞ்சாங்கம் சொல்லாது, பாக்டரிச் சங்கு சொல்லும். பத்து மணிச் சங்குக்குள் நான் வராவிட்டால் பெண்ணை முறைப்பையன் பெரியமுத்துவுக்குக் கட்டிவைப்பதாக அவள் அப்பா மொக்கையன் சொல்லியிருந்தார். பெரியமுத்து முந்தின நாளே சவரம் செய்துகொண்டான்.

புறப்படும்போது என் அம்மா மூக்கம்மாள் எச்சரித்தாள்: "ஏலே, மாப்பிள்ளை வண்டி பின்னால போகக் கூடாது. மலையே விழுந்தாலும் ரிவர்ஸ் எடுக்காத."

பள்ளிவாசலுக்கு அரை மைல் இருக்கையில், வளைவில் ஒரு பென்ஸ் ஏறி வந்தது. ஜெர்மன்காரன் நாலு வருஷம் முன்பு செய்தது. ஓட்டியவர் சித்தூர்ப் பண்ணைக்காரர் குப்பண்ணன். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும்; அவர் பின்வாங்கவில்லை. அம்மா சொல்லியிருந்தாள், நானும் பின்வாங்கவில்லை. உரசிக்கொண்டு கடந்துவிடலாம் என்று இருவரும் நினைத்தோம். அவருக்கு அந்தப் பக்கம் பாறை, எனக்கு இந்தப் பக்கம் பள்ளம். நடுவில் இரண்டு கார்களும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. என் பள்ளத்துப் பக்கக் கதவைத் தவிர ஒன்றும் திறக்கவில்லை; அதைத் திறந்தால் கால் வைக்கத் தரையில்லை.

குப்பண்ணன் ஹாரனை அழுத்தினார். அரைமணி நேரம் அழுத்தினார். பேட்டரி செத்து, மின்சாரத்தில் இறங்கும் அவர் சன்னல் ஒரு சாணோடு நின்றது.

"எஞ்சின் ஆறு லிட்டருக்கு மேலீங்க தம்பி. நூத்திமுப்பது மைல் போகுமுங்க."

"இப்ப எவ்வளவு போவுது, ஐயா?"

பின்சீட்டிலிருந்து அவர் சம்சாரம் மருதாத்தாள் சொன்னார்: "ஏனுங்க, மாட்டு வண்டீல வந்திருந்தா இந்நேரம் ஊடு போய்ச் சேர்ந்திருப்பமுங்க."

சங்குக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் பெண் வீட்டார் பெண்ணையும் கூட்டிக்கொண்டு தேடி வந்தார்கள். பெரியமுத்து கழுத்தில் ஏற்கெனவே மாலை இருந்தது.

"மேல ஓட்டை இருக்குன்னு பீத்திக்கிட்டே இருப்பியே, அது எங்க?" என்றாள் முத்துப்பேச்சி.

இங்கிலாந்துக்காரன் வெயில் காய்வதற்காகக் கூரையில் நகரும் பலகை ஒன்று வைத்திருந்தான். மூணாறு மழையில் அதை யாரும் திறந்ததில்லை. தலையால் முட்டினேன். ஒன்பதாம் முட்டில் நகர்ந்தது. இடுப்பு வரை வெளியே வந்தேன்; அதற்குமேல் வரவில்லை.

முத்துப்பேச்சி பட்டுச்சேலையோடு பென்ஸ் மூஞ்சியில் கால் வைத்து அதன் முதுகில் ஏறினாள். பின்னால் சொந்தக்காரர் நாற்பது பேரும் நாதசுரமும் ஏறினார்கள்.

உள்ளிருந்து குப்பண்ணன் குரல்: "மேல என்னங்க சத்தம்?"

"கல்யாணம்ங்க!"

மூன்றாம் முடிச்சுப் போடுகையில் சங்கு ஊதியது.

எது நல்ல கார் என்று இன்றும் கேட்கிறார்கள். தாலி கட்ட ஆல்விஸ், தாலி வாங்கிக்கொள்ள பென்ஸ். நாற்பது பேர் நின்றும் அந்த முதுகில் ஒரு நெளிவு இல்லை.

சங்கு ஊதினால் எஸ்டேட்டில் கூடையைத் தூக்கியாக வேண்டும். எல்லோரும் இறங்கினார்கள். முத்துப்பேச்சியும்தான்.

"கொழுந்து முத்திப் போகும். சாயங்காலம் வந்து உன்ன எடுக்கோம்."

பென்ஸ் சன்னலின் ஒரு சாண் வழியே மருதாத்தாள் மொய்யாக ஒரு முறுக்கை என் கார் சன்னலுக்குள் நீட்டினார். என் கையும் வாயும் கூரைக்கு மேலே இருந்தன. முறுக்கு என் முழங்காலைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டது.