ஆசிரியர்கள் படிப்பதற்கென்று ஒரு புத்தகம்

1

இந்தக் கதை என் தங்கையின் கோபத்திலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கற்பனை வளம் என்று யாராவது பாராட்டித் தொலைப்பார்கள். அவள் ஒரு பள்ளியில் நூலகர். நேற்று, சனிக்கிழமை காலை, என் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல், "அண்ணா, என்னென்னமோ கதை எழுதுறியே, இதை எழுது" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "என்னைத் தியாகி ஆக்கினே, அப்புறம் உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்" என்றாள்.

முதல் தொடக்கம்: 'நூலகத்தின் சன்னல் வழியே மாலை வெயில் புத்தகங்களின் மேல் பொன்னாய்ப்' –

வேண்டாம். அந்த நூலகத்துக்குச் சன்னலே கிடையாது. பந்துகளும் வலைகளும் போட்டுவைத்திருந்த அறையைக் காலிசெய்து கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: 'ஒரு கூட்டத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.'

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

2

அந்தப் பள்ளியில் ஆண்டுதோறும் ஆசிரியர்கள் அனைவரும் படிக்க ஒரு புத்தகம் தேர்ந்தெடுப்பார்கள். பாடநூல் அல்ல. எப்படிக் கற்பிப்பது, பிள்ளைகளை எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லும் தொழில்நூல். ஆளுக்கொரு பிரதி கொடுத்து, அதன்படி வகுப்பில் நடக்கச் சொல்வார்கள். நல்ல ஏற்பாடு. (கிண்டல் செய்யவில்லை. மருத்துவர் படிப்பதை நிறுத்திவிட்டார் என்றால் நமக்குப் பயமாக இருக்கிறது. ஆசிரியர் நிறுத்தினால் ஒன்றுமே தோன்றுவதில்லை. ஏன்?)

தேர்வுக்குழுவில் தலைமை ஆசிரியர், பள்ளியே 'பெரிய டீச்சர்' என்று கூப்பிடும் மொழியாசிரியை, என் தங்கை.

தங்கை கொண்டுபோனது திக்கிப் பேசும் பிள்ளைகளைப் பற்றிய மெல்லிய நூல். காரணம், ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. தங்கை அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'வக்கீல்'. நூலகத்துக்கு வந்தால் வாதாடாமல் போகமாட்டாள்.

"எல்லாக் கதையிலயும் ந-நரி மட்டும் ஏன் மிஸ் கெட்டதா இருக்கு? நரிகிட்ட யாராவது கே-கேட்டாங்களா?"

நாக்கு தடுக்கும், வாதம் தடுக்காது. அதே பெண் பெரிய டீச்சரின் வகுப்பில் வாய்விட்டு வாசிக்கும்போது, வாக்கியத்தை முடிக்கும்வரை நின்றாக வேண்டும். மணியடிக்கும்வரை நின்ற நாட்களும் உண்டு.

3

பெரிய டீச்சரை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். கையில் பிரம்பு, முகத்தில் கடுகடுப்பு. தங்கை படித்துப் பார்த்துவிட்டு, "பிரம்பா? பசியோட வர்ற பிள்ளைக்குத் தன் சாப்பாட்டைத் தூக்கிக் கொடுக்கிறவங்கண்ணா அவங்க" என்றாள். கிழித்துப் போட்டேன். நல்லவர்கள் செய்யும் கெடுதலை எழுதுவதுதான் கஷ்டம். எனக்கு ஆத்திரமும் அங்கேதான் அதிகமாக வருகிறது.

கூட்டம் தொடங்குமுன்பே தலைமை ஆசிரியர் முடிவுசெய்திருந்தார். அவர் நீட்டியது ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரின் புத்தகம். அட்டையில் அந்தப் பேச்சாளரே இரு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். ஆண்டுவிழாவுக்கு வரவும் ஒப்புக்கொண்டிருந்தார்.

"நீங்க படிச்சீங்களா சார்?" என்று தங்கை கேட்டாள்.

"புரட்டிப் பார்த்தேன்மா. பக்கத்துக்குப் பக்கம் உற்சாகம்!"

"நான் கொடுத்ததை?"

"அது ஏதோ நோயைப் பத்தினது. படிச்சா டீச்சர்ஸ் சோர்ந்துபோயிடுவாங்க."

தங்கை விடவில்லை. தன் நூலிலிருந்து ஒரு பத்தியைப் படித்துக் காட்டினாள். எல்லார் முன்னாலும் நிறுத்தி வாசிக்கவைப்பதால் திக்கல் குறையாது, பயம்தான் கூடும் என்று சொல்லும் பத்தி.

பெரிய டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருஷமா நான் பண்ணினது தப்புன்னு சொல்றியாம்மா?"

"ஆமா டீச்சர்."

(இந்த இடத்தில் 'அறையில் கனத்த மௌனம்' என்று எழுதக் கை பரபரத்தது. மௌனமாவது மண்ணாவது! "சரி, ரெண்டுக்கு ஒண்ணு, முடிஞ்சுது" என்று தலைமை ஆசிரியர் எழுந்துவிட்டார். போகிறபோக்கில், வேண்டாமென்று முடிவான புத்தகம் நூலகத்தில் இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.)

4

தேர்வான புத்தகம்* சொல்கிறது: கூச்சப்படும் பிள்ளையை மேடையில் ஏற்றுங்கள், கைதட்டுங்கள், பயம் பறந்துவிடும்.

* பெயரைச் சொல்லமாட்டேன். விற்பனை கூடிவிடும்.

பள்ளி அப்படியே செய்தது. ஆண்டுவிழாவில் பேச்சாளரை வரவேற்க வக்கீலை மேடையேற்றினார்கள். பெரிய டீச்சரே நாலு வரி எழுதிக்கொடுத்து, தலையும் வாரிவிட்டு அனுப்பினார். 'வணக்கம்' வந்தது. அடுத்தது 'மதிப்பிற்குரிய'. அங்கே நின்றுபோனது.

"ம-ம-"

கூட்டம் சிரித்தது என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஒருவரும் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள். அன்போடு, ஆசையோடு தட்டினார்கள். அவள் உதடு துடிக்கத் துடிக்கக் கைதட்டல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பேச்சாளர் எழுந்து வந்து, மைக்கைத் தன் பக்கம் திருப்பி, "மதிப்பிற்குரிய!" என்று அவளுக்காக முழங்கினார். அரங்கம் அதிர்ந்தது. தன்னைத் தானே மதிப்பிற்குரியவர் என்று அறிவித்துக்கொண்டார் மனிதர். அது யார் காதிலும் விழவில்லை.

அவள் இறங்கிவந்து திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போதும் நூலகத்துக்கு வருகிறாள். புத்தகத்தை நீட்டுவாள், வேறொன்றை எடுத்துக்கொள்வாள், போய்விடுவாள். ஒருநாள் தங்கை வேண்டுமென்றே, "நரின்னா கெட்டதுதான், இல்ல?" என்று சீண்டிப் பார்த்தாள். சிறுமி தலையை ஆட்டினாள்.

"ஆமான்னுட்டாண்ணா" என்று சொன்னபோதுதான் என் தங்கை அழுதாள்.

5

இனி முடிவு.

'தலைமை ஆசிரியர் தன் தவறை உணர்ந்து' – உணரவில்லை. அடுத்த ஆண்டுக்கு அதே பேச்சாளரின் அடுத்த புத்தகம்.

'அவள் வேலையைத் தூக்கியெறிந்துவிட்டு' – எறியவில்லை. "நான் போயிட்டா அந்தப் பொண்ணு இடைவேளையில எங்க போய் உட்காருவா?"

நடந்தது இதுதான். நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, பெரிய டீச்சர் நூலகத்துக்கு வந்தார்.

"அந்தப் புத்தகம் இருக்கா?"

"எந்தப் புத்தகம் டீச்சர்?"

"உனக்குத் தெரியும்."

"குழு வேண்டாம்னு சொன்ன புத்தகத்தை இங்க வைக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரே."

புத்தகம் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. தங்கையின் முழங்கைக்கு நேர் கீழே. பெரிய டீச்சர் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"கொடுத்திருக்கலாமே!" என்று கத்திவிட்டேன்.

"எதுக்குக் கொடுக்கணும்?" அவளும் கத்தினாள். "கையில கொண்டுபோய்க் கொடுத்தப்போ வேண்டாம்னாங்க. அந்தப் பொண்ணு அவ்வளவு பேர் முன்னால கூனிக்குறுகி நின்ன பிறகு வேணுமாக்கும்? தட்டின கைங்கள்ல அவங்க கையும் உண்டு. அவங்க மனசு ஆறணும்னு நான் புத்தகம் கொடுக்கணுமா?"

அவள்மேல் எனக்கு அப்படி எரிச்சல் வந்தது. சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதால் இன்னும் எரிந்தது.

"என்னமோ எழுதிக்கோ" என்றாள். "கொடுத்துட்டேன்னு மட்டும் எழுதாதே."

எழுதவில்லை. அவளும் பெரிய டீச்சரும் கைகோத்துக்கொள்ளும் பக்கம் ஒன்று என்னிடம் தயாராக இருக்கிறது. அதை உங்களுக்குத் தரப்போவதில்லை. என் தங்கையின் கோபம் நியாயமா, பெரிய டீச்சரை மன்னிக்கலாமா என்பதையெல்லாம் ஆற அமர யோசித்துச் சொல்லுங்கள். அவசரமே இல்லை.

இழுப்பறையைத் திறப்பதா வேண்டாமா என்பதை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாளை திங்கட்கிழமை. இரண்டாம் பாடவேளை பெரிய டீச்சரின் வாய்விட்டு வாசிக்கும் வகுப்பு. இந்த முறை முதலில் எழுந்திருக்க வேண்டியவள் வக்கீல்தான்.