ஒரு பாட்டில் குளுக்கோஸ்

உத்தமன் முழு பாட்டிலையும் ஒரே மூச்சில் குடித்தான். கிறிஸ்துதாஸ் கலக்கிக் கொண்டுவந்தது, ஒரு பாக்கெட் குளுக்கோஸ். தொண்டைவரை இனிப்பு.

"உனுக்கு?" என்றான் உத்தமன்.

"எனுக்கு வேணாம் மாமே. நான் அட்த்த வருசமும் வருவேன். உன்னால முடியாது" என்றான் கிறிஸ்துதாஸ்.

உண்மைதான். அடுத்த மாதம் உத்தமனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பா பக்தவத்சலத்துக்கும் அதே மாதம்தான் ஓய்வு. அதன் பிறகு குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். போலீஸ் வேலையும் அதோடு வரும் குவார்ட்டர்ஸும் கிடைத்தால்தான் ஐந்து பேருக்குத் தங்க இடம்.

1989. ஆவடி மைதானம். போலீஸ் தேர்வுக்கான ஓட்டம். காலை ஏழு மணி.

ஐந்து சுற்று, ஏழு நிமிடம். வெள்ளானூர் ரோட்டில் வெறும் வயிற்றோடு ஓடிப் பழகிய உத்தமன், ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்ததே இல்லை.

"இருநூறாம் நம்பர்லேந்து இருநூற்று முப்பது வரை, வரிசையா உக்காரு" என்று ஏட்டு குரல் கொடுத்தார்.

உட்கார்ந்தார்கள். விசில் ஊதவில்லை. வரவேண்டிய அதிகாரியின் ஜீப் பாடி ஜங்ஷனில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதாம். பதினைந்து நிமிடம். அரை மணி. எழுந்தால் பெயரை அடித்துவிடுவேன் என்றார் ஏட்டு.

"மச்சான், கொட்டாவியா வருது" என்றான் உத்தமன்.

"ராத்திரி தூங்கலயா நீ?"

"நல்லாத்தான் தூங்கனேன். கை வேற சில்லுனு கீது."

"பயம்டா. ஓட ஆரம்பிச்சா பூடும்."

ஏழே முக்காலுக்கு விசில் ஊதியது.

முதல் இரண்டு சுற்றிலும் உத்தமன்தான் முன்னால். மூன்றாவதில் வயிறு பிடித்துக்கொண்டது. நான்காவதில் தொடை நடுங்கியது. சட்டை பிழிந்தெடுத்ததுபோல் நனைந்தது. ஐந்தாவதில், எல்லைக் கயிறு இரண்டாகத் தெரிந்தது. எதை நோக்கி ஓடுவது என்று யோசிப்பதற்குள் முகம் மண்ணில் இருந்தது.

பின்னால் வந்த கிறிஸ்துதாஸ் ஒரு விநாடி தயங்கினான்.

"நின்னா நீயும் அவுட்" என்று கத்தினார் ஏட்டு.

கிறிஸ்துதாஸ் அவனைத் தாண்டி ஓடினான்.

முதலுதவிக் கூடாரத்தில் கம்பவுண்டர் சின்னசாமி உத்தமனின் கன்னத்தைத் தட்டினார். "காலைல இன்னாப்பா சாப்ட்ட?"

பதில் சொன்னது கிறிஸ்துதாஸ். அவன் கையில் தேர்ச்சிச் சீட்டு இருந்தது.

"ஒரு பாக்கெட்டா? குட்ச்சிட்டு சும்மா உக்காந்துகினு இருந்தீங்களா?" சின்னசாமி தலையில் அடித்துக்கொண்டார். "அவ்ளோ சக்கரை ரத்தத்துல ஏறுனா, அத்த இறக்க உடம்பு இன்சுலினைக் கொட்டும். சக்கரை இறங்கற நேரம் பாத்து ஓடுனா, மிச்சத்தைத் தசை உறிஞ்சிடும். மூளைக்கு இன்னா கீது? சில பேருக்கு இப்டி ஆவும். வெறும் வயித்தோட ஓடியிருந்தாலே பாஸாயிருப்பான்."

சொல்லிக்கொண்டே ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் தூளைக் கொட்டிக் கலக்கினார். அதே குளுக்கோஸ்.

"இப்ப இதான் மருந்து. குடுப்பா."

கிறிஸ்துதாஸ் டம்ளரை நண்பனின் வாயருகே கொண்டுபோனான். உத்தமன் குடித்தான். பார்வை மெல்லத் தெளிந்து, அந்தச் சீட்டில் போய் நின்றது.

"பாஸா?"

"உம்."

"மைதான கேட்டாண்ட அப்பா கீறாரா?"

"விடிகாலைலேந்து அங்கதான் நிக்கறாரு."

உத்தமன் கூடாரத் துணிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"நீயே போய்ச் சொல்லிடு மச்சான்."