மலிவு டயர் போதும் என்று நான் எழுதிய கடிதம்

1

ஒரு கேள்விக்கு நான் எழுதிய பதிலில் இருந்து வந்தது இந்தக் கதை. அந்தப் பதில் சரியா தவறா என்று தெரிந்திருந்தால் இன்னொரு கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். தெரியாததால் கதை எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவள் என் அக்கா. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். ஓய்வு பெற்ற மறுமாதம், இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகக் கிடக்கிற ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை மூன்றாம் கையாக வாங்கினாள். வாங்கிய பிறகுதான் டயரைப் பார்த்திருக்கிறாள். [முன்பே பார்த்திருக்க வேண்டும். இதைக் கடிதத்திலும் சுட்டிக்காட்டினேன்.] எனக்கு எழுதினாள்:

"டேய் கடுதாசி, நாலு டயரும் மொட்டை. இந்த வண்டிக்குன்னு சொல்ற நல்ல டயர் விலையைக் கேட்டா வண்டியையே வித்துடலாம்னு தோணுது. பேர் தெரியாத கம்பெனி டயர் பாதி விலைக்கும் கீழே கிடைக்குது. அது போதுமா? நீதான் எதையும் எழுதி வச்சுப் பார்க்கிறவன். விசாரிச்சுச் சொல்லு."

'கடுதாசி' எனக்கு வீட்டில் வைத்த பெயர். எட்டாம் வகுப்பில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த நாளில் இருந்து, பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குக்கூட தேதியும் பொருளும் போட்டுத்தான் எழுதுவேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் சொல்லவில்லை. அக்காவுக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இளைஞன் அப்பா வாங்கித் தந்த காரின் சாவியைச் சுழற்றியபடி"

இதோடு விட்டுவிட்டேன். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பணக்கார வீட்டுப் பிள்ளை வந்து உட்கார்ந்துகொள்கிறான். வாசகரும் உடனே நம்பிவிடுவார். மூன்றாம் பக்கத்தில் டயர் வெடிக்கும், கடைசிப் பக்கத்தில் யானைக்கும் அடி சறுக்கும் என்று முடித்துவிடலாம். யானைக்கு யாரும் டயர் மாட்டுவதில்லை என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினேன்.

அடுத்த தொடக்கம்: "அக்கா நிதானமானவள்."

இந்த வாக்கியம் நாலு பிரதிகள் தாக்குப் பிடித்தது. ஐந்தாவதில் ஏன் அடித்தேன் என்பதுதான் மீதிக் கதை.

3

விசாரித்தேன். முறையாகவே விசாரித்தேன். வாடகைக் கார் ஓட்டுகிற ஒருவர், காப்பீட்டு அலுவலகத்தில் ஒருவர், வாசலில் காரை நிறுத்தித் தினமும் துடைத்துவிட்டு எங்கேயும் எடுத்துப் போகாத மாடிவீட்டுக்காரர். மூன்று பேர் சொன்னதையும் குறித்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதினேன். பொருள்: டயர். கட்டம் போட்ட அட்டவணை ஒன்று. பத்திகளுக்கு எண். ஏழாவது பத்தி இது:

"7. டயர் போதுமா என்பது ஓட்டுபவரைப் பொறுத்தது. நீ இருபத்தாறு வருடம் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டியவள். உன் வேகத்துக்கு இது போதும்."

அக்காவிடம் இருந்து ஒரு வரியில் பதில் வந்தது: "போட்டாச்சு."

அந்த ஏழாவது பத்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.* அதை மட்டும் இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்தேன்.

* ஒரு வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டால் அது உண்மைதானா என்று பார்க்கத் தோன்றுவதில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு வருகிற வியாதி. கடிதத்திலும் தொற்றும் என்று அப்போது தெரியாது.

4

நாலு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை முன்பக்க டயரில் ஆணி. காற்றை அடித்துக்கொண்டு டயர்க்கடை வரை ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மெதுவாக, பூப்போல ஓட்டினாள். நான் எழுதியது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். [ஆணி இருந்ததால் மெதுவாக ஓட்டினாள் என்பது பிறகுதான் உறைத்தது.]

வண்டியை விட்டுவிட்டு, புது மூக்குக்கண்ணாடியை வாங்கி வருவதாக எதிர்க்கடைக்குப் போனாள். டயர்க்கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, ஆணியைக் குறட்டால் பிடுங்கி, ஓட்டையை அடைத்தார். பிறகு டயரை உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். பாதியில் கை நின்றது.

"சார், யாரு ஓட்டுறா இந்த வண்டிய?"

"அக்காதான்."

"வேற யாராவது?"

"தொடவே விடமாட்டா."

"கையக் குடுங்க."

என் விரலைப் பிடித்து டயரின் மேல் வைத்தார். நடுவில் புதுசு போலவே இருந்தது. வெளி ஓரம் மட்டும் தேய்ந்து, ரப்பர் சின்னச் சின்னச் சுருளாகப் பொரிந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் அழிரப்பரால் அழித்தால் விழுமே, அந்தத் துணுக்கு மாதிரி.

"காத்து குறைவா இருந்திருக்குமோ?" என்றேன். என் கடிதத்தின் நாலாவது பத்தி காற்றைப் பற்றியது.

"காத்து கம்மின்னா ரெண்டு ஓரமும் தேயும் சார்."

"அப்போ அலைன்மென்ட்?"

"அதை நான்தான் பார்த்துக் குடுத்தேன், இப்பவும் நேரா இருக்கு. இது வளைவுல வண்டிய அமுக்கித் திருப்புற தேய்மானம். நாலு மாசத்துல இவ்வளவுன்னா, அக்கா ஓட்டல, பறந்திருக்காங்க."

"எங்க அக்காவா?"

"அதான் எனக்கும் புரியல. என் புள்ளைங்க ரெண்டும் அவங்க பஸ்லதான் பள்ளிக்கூடம் போச்சு. மடியில டம்ளர்ல தண்ணி வச்சிருந்தாலும் சிந்தாது."

எனக்குக் கோபம் வந்தது. "அப்புறம் எப்படிங்க இந்த டயரைப் போட்டு அனுப்பினீங்க?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! யானைய வாங்கிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பையில இருந்து ஒரு லெட்டர எடுத்து நீட்டினாங்க. மூணு பக்கம். கோடு போட்டு, நம்பர் போட்டு. ஏழாவத எனக்குப் படிச்சே காட்டினாங்க. யாரோ பெரிய இன்ஜினியர் எழுதினதாக்கும்னு நான் வாய மூடிக்கிட்டேன்."

"நான்தான் எழுதினேன்."

"அப்படியா? சார் என்ன வண்டி வச்சிருக்கீங்க?"

"எனக்கு ஓட்டத் தெரியாது."

அவர் பிடுங்கிய ஆணியை எடுத்துக் குப்பை டப்பாவில் போட்டார். பிறகு, "கையெழுத்து நல்லா இருந்துச்சு சார்" என்றார்.

5

"அக்கா நிதானமானவள்" என்ற வாக்கியத்தை அடித்த இடம் இதுதான்.

என் தப்பு டயரைப் பற்றியது என்று நினைத்திருந்தேன். டயரைப் பற்றி நான் எழுதியதில் பெரிய பிழை இல்லை. போதுமா என்பது ஓட்டுபவரைப் பொறுத்தது, அதுவும் சரி. ஓட்டுபவரைத்தான் நானாகவே உட்கார்ந்து இட்டுக்கட்டியிருக்கிறேன். ஐம்பது வருடமாகப் பழகிய அக்கா. அவள் பஸ் ஓட்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் வேலை எங்கே முடிகிறது, அவள் எங்கே தொடங்குகிறாள் என்று

[இந்த வாக்கியத்தை முடிக்கப் பார்த்தேன். அழகாக முடிந்தது. அதனால் அடித்துவிட்டேன்.]

6

அக்கா புதுக் கண்ணாடியோடு வந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் டயருக்கு நாடி பிடிக்கிறீங்க?"

"எங்கேக்கா ஓட்டுற இதை?"

"ரோட்டுல."

"எந்த ரோட்டுல?"

"நீர்த்தேக்கத்துக்கு ஏறுற வளைவு ரோடு. காலையில அஞ்சரைக்கு. ஈ காக்கா இருக்காது."

"எவ்வளவு வேகம்?"

"மீட்டரைப் பார்த்துட்டிருந்தா ரோட்டை யாருடா பார்க்கிறது?"

"நாற்பதைத் தாண்டமாட்டேன்னு..."

"நான் எப்போ சொன்னேன்? நீயா எழுதின. படிச்சதும் எனக்குச் சிரிப்பு. சரி, கடுதாசியே போதும்னுட்டான், போட்டுடுவோம்னு போட்டேன்."

"அது தப்புன்னு தெரிஞ்சுமா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "டேய், இருபத்தாறு வருஷம். முதுகுக்குப் பின்னாடி ஐம்பது பிள்ளைங்க. ஒருநாள்கூட ஓட்டணும்னு நினைச்ச மாதிரி நான் ஓட்டினதில்ல. அதான், பின்சீட்டே இல்லாத வண்டியாப் பார்த்து வாங்கினேன்."

[இந்தப் பேச்சில் நான் கை வைக்கவில்லை. அவள் சொன்னபடியே இருக்கிறது.]

டயர்க்கடைக்காரர் சக்கரத்தை உருட்டிக்கொண்டே சொன்னார்: "ஓட்டுங்கக்கா, யாரு வேணாம்னா? கடைத்தெருவுக்குப் போய் வர்ற வண்டின்னா நானே இதைத்தான் போடுவேன். என் வண்டியில இதுதான் கிடக்கு. ஆனா நீங்க போற போக்குக்குச் சொல்றேன். ரோடு ஈரமா இருக்கு, எண்பதுல வர்றீங்க, ஓங்கி பிரேக் அடிக்கிறீங்க. நல்ல டயர் நின்ன இடத்தையும் தாண்டி, இது இன்னொரு பஸ் நீளம் போய்த்தான் நிக்கும்."

"அளந்தியா?"

"அளக்கல. பார்த்திருக்கேன்."

"எந்த பஸ்? முப்பத்திரண்டு சீட்டா, ஐம்பத்திரண்டா?"

"பெருசு."

அக்கா ஓட்டியது பெரியது. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

7

இங்கே இருந்து எனக்கு மூன்று வழி தெரிந்தது.

முதல் வழி: "ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை. இரவு பெய்த ஈரம். நாலாவது வளைவு. எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு"

முடிக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவருக்கு ஒரு முகம் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்த பிறகு அவர்மேல் காரை ஏற்ற எனக்குக் கை வரவில்லை.

இரண்டாவது வழி, நான் திருத்தக் கடிதம் எழுதுவது. பொருள்: முந்தைய கடிதம், ஏழாவது பத்தி. அக்கா படித்துவிட்டு நல்ல டயர் மாட்டிக்கொண்டு எனக்கு நன்றி சொல்கிறாள். எழுதியும் பார்த்தேன், ஒன்றேகால் பக்கம் வந்தது. அது கதை இல்லை, என் மனசாட்சிக்கு நானே எழுதிக்கொண்ட ரசீது. தவிர, நல்ல டயர் மாட்டினால் அவள் இன்னும் வேகமாகப் போவாளோ என்ற பயம் எனக்கு உண்டு. டயர்க்கடைக்காரரிடம் கேட்டதற்கு, "போவாங்க" என்றார்.

மூன்றாவது வழி, மெதுவாக ஓட்டச் சொல்வது. பின்சீட்டு இல்லாத காராகத் தேடி வாங்கியவளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

8

ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

கடைக்குப் பின்னால் லாரிகள் நிறுத்துகிற சிமெண்டுத் தளம். அன்றைக்கு லாரி எதுவும் இல்லை. விடிகாலைத் தூறலில் தளம் நனைந்திருந்தது. சக்கரத்தை மாட்டி முடித்ததும், "ஏறுடா" என்றாள் அக்கா. வண்டியை அங்கே கொண்டுபோனாள். ஓட்டிக் காட்டப்போகிறாள் என்று நினைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு கதவுப் பிடியை இறுகப் பற்றினேன். [இதை எழுதுகிறேன் என்பதால் நான் பிழைத்தது உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது.]

தளத்தின் நடுவில் நிறுத்தி என்ஜினை அணைத்தாள். இறங்கினாள். வண்டியின் முன் பம்பரை முழங்காலால் தொட்டு நின்று, அங்கிருந்து நேராக நடக்க ஆரம்பித்தாள். வாய்விட்டு எண்ணினாள். பெரிய எட்டும் இல்லை, சின்ன எட்டும் இல்லை. அந்தப் பஸ் நீளத்தை அவள் தினமும் காலையில், பஸ்ஸை எடுப்பதற்கு முன், அடியில் யாராவது இருக்கிறார்களா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறாள்.

"பதினாறு" என்று நின்றாள். திரும்பி வண்டியைப் பார்த்தாள்.

வண்டி மிகவும் தாழ்வு. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து, கண்ணாடி வழியாக, அக்கா செருப்பு முதல் கழுத்து வரைதான் தெரிந்தாள். முகத்தைப் பார்க்க நான் குனிய வேண்டியிருந்தது. ஓட்டுகிறவரின் இருக்கை காலியாக இருந்தது. கடையின் பின்வாசலில் டயர்க்கடைக்காரர் ஸ்பானரோடு நின்றார். அவள் அங்கே எவ்வளவு நேரம் நின்றாள் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு இது புதிது.

பிறகு வந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருகுவதற்கு முன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

அதை எழுதமாட்டேன். "மாத்திடலாம்டா" என்று சொன்னதாக எழுதினால் அவளை மெச்சிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். "மழைன்னா வண்டிய எடுக்கல, அவ்வளவுதானே" என்று எழுதினால் திட்டிவிட்டு மூடுவீர்கள். ஓட்டுகிறவரைத் தெரியாமல் ஒரு தடவை பதில் எழுதியாயிற்று. உங்களையும் எனக்குத் தெரியாது.

உங்கள் வண்டி எதுவாக இருந்தாலும் சரி, அதன் முன்பக்கத்தில் இருந்து பதினாறு எட்டு நடந்து பாருங்கள். நின்று திரும்பிப் பாருங்கள். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, அக்கா என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.