பாய் அவருக்கு, கட்டில் எனக்கு

டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு இடுப்பு வலி வருவது ஒன்றும் அதிசயமில்லை. நாளெல்லாம் குத்துக்காலிட்டு, தரையோடு தரையாக நகர்கிற வேலை. ஆனால் அந்த வலி கட்டில் வரைக்கும் வந்து நடுவில் படுத்துக்கொள்ளும் என்று அவன் மனைவி நினைத்ததே இல்லை.

அன்று ஞாயிறு மதியம். மாமியார் பக்கத்து அறையில் கண்ணயர்ந்திருந்தாள். இரண்டு அறைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் இருவரும் நெருங்கியிருந்தார்கள். திடீரென்று அவன் இடுப்பில் சுருக்கென்று பிடித்தது. "அம்மா!" என்று அலறிவிட்டான்.

"என்னப்பா? இதோ வந்துட்டேன்!" தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"ஒண்ணுமில்லம்மா, நீ வராத!"

"கதவத் திறடா, தைலம் கொண்டாந்திருக்கேன்."

அவனால் திரும்பவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. மனைவி தன் நைட்டியைத் தேடினாள். அதன் மேல்தான் அவன் கிடந்தான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையணையைக் கடித்தும் அடங்கவில்லை.

மறுநாளே அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான். "கெட்டித் தரைதான் இடுப்புக்கு நல்லதாம்" என்றான். மாதங்கள் ஓடின. தோளில் கை வைத்தால்கூடச் சூடு பட்டவன் போல விலகினான். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து யார் யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைக்கும்போதெல்லாம், தன்மேல்தான் அவனுக்கு அலுப்பு வந்துவிட்டதோ என்று அவளுக்கு நினைப்பு ஓடும். இதைப் போய் யாரிடம் கேட்பது?

வலி குறையாததால் மருத்துவமனையில் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அவளும் கூடப் போனாள். அங்கிருந்த பெண் அவன் காலைத் தூக்கி மடக்கிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்: "படுக்கையெல்லாம் எப்படி?"

"பாய்தான் மேடம். கெட்டித் தரை."

"அதக் கேக்கலங்க."

அவன் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தான். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

இப்போது வாய் திறக்காவிட்டால் இனி எப்போதும் முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. "பாய் அவருக்கு, கட்டில் எனக்கு மேடம்" என்றாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இங்க வர்ற நிறையப் பேருக்கு இந்தக் கஷ்டம் உண்டு. யாரும் சொல்றதில்ல. வலிக்குமோன்னு பயந்தே உடம்பு இறுகிடும். இறுகினா இன்னும் வலிக்கும். ஒருக்களிச்சுப் படுங்க, முட்டிக்கு நடுவுல தலையணை வைங்க. எங்க வலிக்குது, எங்க வலிக்கலன்னு சொல்லிக்கங்க. வீம்பு மட்டும் ஆகாது."

பேருந்தில் பாதி வழி போனதும், "என் மானத்த வாங்கிட்ட" என்றான் அவன்.

"எனக்கு மானம் இல்லையா? என்னைப் பிடிக்கலன்னா சொல்லிடுங்க."

அவன் திடுக்கிட்டான். "உன்னப் பிடிக்கலயா? நீதான அன்னிக்குச் சிரிச்ச! இவனெல்லாம் ஒரு ஆம்பளையான்னு..."

"ஐயோ, உங்களப் பார்த்தா சிரிச்சேன்? வாசல்ல ஒருத்தங்க தைலத்தோட நின்னாங்களே, அதுக்குங்க!"

அவன் உதட்டை இறுக்கிப் பார்த்தான். முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

மாமியார் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு மதியம் அவன் கட்டிலுக்கு வந்தான். ஒருக்களித்துப் படுத்தார்கள். தலையணை நழுவிக் கீழே விழுந்தது. அவள் எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் முகத்தைச் சுளித்தான். முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான்.

"வலிக்குது."

"நிறுத்திடலாமா?"

"நிறுத்திடலாம். ஆனா நீ எழுந்து போயிடாத."

அவள் போகவில்லை. வலிக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். அவன் விலகவில்லை.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றான்.