காபி கணக்கில் வராது

தெரேசினாவுக்குக் காலையிலேயே மகள்மேல் எரிச்சல் வந்துவிட்டது. காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்த லொரேதானா, "கிளம்பிட்டியா மா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போய் அடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"அணைச்சாச்சு," என்றாள் தெரேசினா.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"வாய் கேக்கல. கை கேக்குது."

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து இதே கூத்துதான். மகளும் சரி, மகன் ரொக்கோவும் சரி, வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அடுப்பை விசாரிப்பார்கள், அப்புறம்தான் அம்மாவை. எல்லாம் மோக்காவால் வந்த வினை. அடியில் தண்ணீர், நடுவில் தூள், மேலே டிகாக்‌ஷன் ஏறி நிற்கிற அந்த அலுமினியப் பாத்திரத்தைக் கல்யாணமாகி மெல்பர்னுக்கு வந்த நாளிலிருந்து அவள் அடுப்பில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் தண்ணீர் ஊற்றாமல் ஏற்றிவிட்டாள். ரப்பர் வளையம் கருகி, கைப்பிடி உருகி, வீடெல்லாம் புகை. கூரையில் இருந்த அலாரம் ஊரைக் கூட்டியது. பக்கத்து வீட்டுக்காரி போன் போட்டு ரொக்கோ ஓடிவந்தான். அவள் கார் சாவியை அன்றைக்கே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

தண்ணீர் ஊற்ற மறந்ததைத் தெரேசினாவாலேயே நம்ப முடியவில்லை. பெற்ற பிள்ளையின் பெயர் மறந்தாலும் மறக்கலாம், மோக்காவுக்குத் தண்ணீர் மறக்குமா? ஆனால் அதை வெளியே சொல்கிற ஆளா அவள்? "இப்ப வர்ற ரப்பர் சரியில்ல," என்று முடித்துக்கொண்டாள்.

மறதி மட்டும் இல்லை. கை கால் எந்நேரமும் அசந்து கிடந்தது. எல்லோரும் ஒரு கம்பளிச் சட்டை போட்டால் அவளுக்கு இரண்டு வேண்டியிருந்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஞாயிறு சர்ச் பூசையில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். தைராய்டு என்று டாக்டர் ஹாலொரன் போன வருஷமே மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார், சரியாகவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார். மறுபடி ரத்தம் எடுத்தார், மறுபடியும் சரியாகவில்லை, மறுபடியும் கூட்டினார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: "வெறும் வயித்துலதானே போடறீங்க?" அதே பதில்: "ஆமா டாக்டர், வெறும் வயித்துலதான்." பொய் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

டாக்டருக்குப் பிடிபடாத காரணம் லொரேதானாவுக்குப் பிடிபட்டுவிட்டது. எல்லாம் காபிதான் என்றாள். தினம் போனில் எதையாவது படித்துவிட்டு வருவாள். திங்கட்கிழமை காபி எலும்பை அரிக்கும். புதன்கிழமை ஈரலுக்கு நல்லது. வெள்ளிக்கிழமை தூக்கத்தைக் கெடுக்கும், ஆனால் ஞாபகசக்திக்கு நல்லது.

"நீங்கள்லாம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வாங்கடி. அதுவரைக்கும் நான் குடிச்சிட்டிருக்கேன்," என்றாள் தெரேசினா.

போன மாதம் கஃபீன் நீக்கிய தூள் என்று ஒரு டப்பா வாங்கி வந்தாள் மகள். தெரேசினா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மிச்சத் தூளைக் கொல்லையில் லெட்டூஸ் பாத்தியைச் சுற்றித் தூவிவிட்டாள். அவள் வழக்கமாகப் போடுகிற காபிச் சக்கையைக் கண்டால் நத்தை அண்டாது. இந்தத் தூளையோ நத்தைகள் சட்டையே பண்ணவில்லை. கல்யாண வீட்டில் கம்பளம் விரித்த மாதிரி அதன்மேல் நடந்து போய் லெட்டூஸை மொட்டையடித்துவிட்டன.

"நத்தைக்கே வித்தியாசம் தெரியுது பாரு," என்று மகளைக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

இன்றைக்கு டாக்டரின் கிளினிக்கில் ஞாபகப் பரிசோதனை. அதில் தவறினால் அடுத்தது என்ன என்று தெரேசினாவுக்குத் தெரியும். போன வாரம்தான், 'சும்மா பாத்துட்டு வரலாம்' என்று ரொக்கோ அவளை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போயிருந்தான். குறை சொல்ல முடியாத இடம். ஜன்னலுக்கு வெளியே ரோஜாச் செடிகள், நடைவழி நெடுகக் கைப்பிடி. ஒரு பெண் சிரித்த முகமாகக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். பிளாஸ்டிக் கோப்பை, அதற்கு மூடி, மூடியில் குழந்தைகள் உறிஞ்சுகிற மாதிரி ஒரு மூக்கு. உள்ளே வெந்நீரில் கலக்கிய தூள். முகர்ந்தால் ஈரச் சாக்கு வாசனை. எதிர் நாற்காலியில் அசுந்தா உட்கார்ந்து அதையே மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் இவர்கள் தெருவிலேயே கெட்டியான டிகாக்‌ஷன் போடுகிறவள் என்று பெயரெடுத்திருந்த அசுந்தா. தெரேசினா கோப்பையை அப்படியே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து காலையில் தன் கோப்பையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அசுந்தாவின் உறிஞ்சும் வாய் ஞாபகம் வந்தது.

காரில் லொரேதானா, "ரொக்கோ நேரா அங்க வந்துடுவான்," என்றாள்.

"கையெழுத்துப் போடவா?"

"மா! இது வெறும் டெஸ்ட். யாரும் ஒண்ணும் முடிவு பண்ணல."

"ரோஜாச் செடி வரைக்கும் காட்டியாச்சு. முடிவு பண்ணலையாம்."

"சரி விடு. இன்னைக்கு மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"வெறும் வயித்துல?"

"வெறும் வயித்துல! இன்னொரு தடவை கேட்டேன்னா கதவத் திறந்து குதிச்சிடுவேன்."

"குதி. இந்த டிராபிக்ல நான் போற வேகத்துக்கு ஒரு சிராய்ப்புகூட வராது."

ரொக்கோ முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். டைல்ஸ் வேலைக்குப் போகிற சட்டையோடு, முழங்காலை ஆட்டிக்கொண்டு, கையில் ஒரு பெரிய காகிதக் கோப்பையோடு இருந்தான்.

"என்ன அது?" என்றாள் தெரேசினா.

"காபி மா."

"காபியா? நான் வாளின்னு நெனச்சேன்."

நர்ஸ் ஜோசலின் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டாள். சின்னப் பெண், பொறுமையான குரல். அந்தப் பொறுமைதான் தெரேசினாவுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. இன்று என்ன கிழமை என்று கேட்டதற்குச் செவ்வாய் என்றாள். புதனாம். மூன்று சொற்களைச் சொல்லி, பிறகு திருப்பிக் கேட்டாள் நர்ஸ். நாற்காலி வந்தது, மணி வந்தது, மூன்றாவது வரவே இல்லை. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது இரண்டு தடவை கழித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"எதுக்கு ஏழேழா கழிக்கணும்? என்கிட்டயிருந்து யாராவது ஏழேழா கடன் வாங்கப் போறாங்களா?"

நர்ஸ் சிரித்தாள். பிள்ளைகள் சிரிக்கவில்லை. லொரேதானா கைப்பை வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். ரொக்கோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களைப் பார்த்ததும் தெரேசினாவின் மூக்கில் அந்த ஈரச் சாக்கு வாசனை ஏறியது.

"பரவால்ல," என்றாள் ஜோசலின். "இன்னைக்குக் காலைல எந்திரிச்சதுலேருந்து என்னென்ன பண்ணீங்கன்னு ஒண்ணுவிடாம சொல்லுங்க பாப்போம்."

தெரேசினா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்திரிச்சேன். செருப்பப் போட்டேன். மோக்காவத் திருகித் திறந்தேன். தண்ணி ஊத்தினேன்." இங்கே ரொக்கோவைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கோ, தண்ணி ஊத்தினேன். உள்ள ஒரு சின்ன வால்வு இருக்கும், அதுக்குக் கீழ வரைக்கும்தான். மேல போனா டிகாக்‌ஷன் வெளுத்துடும். தூளக் குவிச்சுப் போட்டேன். அமுக்கக் கூடாது. சின்னத் தீ. மூடியத் திறந்து வெச்சிட்டுப் பக்கத்துலயே நிக்கணும், அங்க இங்க போகக் கூடாது. மொதல்ல தேன் மாதிரி நாலு சொட்டு வரும். அத எடுத்து சக்கரையில விட்டு அடிச்சா நுரை கட்டும். நுரை கட்டினதும் ஃப்ரிட்ஜத் திறந்து மாத்திரைய எடுத்தேன். காபிய ஊத்தினேன். மாத்திரைய நாக்குல வெச்சு மொத வாய்க் காபியோட முழுங்கினேன். அப்புறம் ஜன்னலோரம் உக்காந்து மிச்சத்தக் குடிச்சேன். அந்த மிச்சம் இருக்கே, அது தொண்டையில எறங்கும்போதுதான் நான் இன்னும் உசுரோட இருக்கேன்னே எனக்குத் தெரியும்."

நர்ஸின் பேனா நின்றிருந்தது.

"மாத்திரைய... காபியோடயா?"

"பின்ன எதோட?"

"மா!" லொரேதானா எழுந்தே விட்டாள். "வெறும் வயித்துலன்னு சொன்னியே!"

"வெறும் வயிறுதான். ஒரு பிஸ்கட்கூட வாயில வைக்கல."

"காபி குடிச்சிருக்க!"

"காபி என்னடி சாப்பாடா?"

"தண்ணியோட போடணும்னு டப்பாவுலயே எழுதியிருக்கு மா!"

"காபில தண்ணி இல்லாம மண்ணெண்ணெயா இருக்கு?"

ரொக்கோ தன் வாளியைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டான். "ஒரு வருஷம். ஒரு வருஷமா எல்லாரும் நாயா அலையறோம்."

"கத்தாதடா. பூசைக்கு முன்னாடியும் ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னுதான் சட்டம். எங்கம்மா காபி குடிச்சிட்டுப் போய்த்தான் பாதர் கையால நன்மை அப்பம் வாங்குவா. பாதர் வாயிலயே காபி வாசனை அடிக்கும். ஆண்டவரே கணக்குல எடுத்துக்காத காபிய இத்துனூண்டு மாத்திரை எடுத்துக்குமா?"

சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து டாக்டர் ஹாலொரன் வந்தார். நர்ஸ் சொன்னதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார்.

"ஒவ்வொரு தடவையும் உங்களக் கேட்டேனேம்மா."

"கேட்டீங்க. வெறும் வயிறான்னு கேட்டீங்க. காபி குடிச்சியான்னு கேட்டீங்களா?"

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். காபி அந்த மாத்திரையைப் பாதி வழியிலேயே மறித்துவிடும், உடம்பில் சரியாகச் சேரவிடாது. அசதி, குளிர், முடி கொட்டுவது எல்லாம் அதனால் இருக்கலாம். மறதியும் இருக்கலாம், உறுதியாக இப்போது சொல்ல முடியாது. இனி மாத்திரையைத் தண்ணீரோடு போட வேண்டும். ஏற்றிவைத்த அளவை இறக்க வேண்டும். இரண்டு மாதம் போகட்டும், ரத்தத்தையும் ஞாபகத்தையும் அப்புறம் பார்ப்போம். அதுவரை யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

"அப்போ காபிய நிறுத்திடணுமா டாக்டர்?" லொரேதானாவின் குரலில் ஒரு ஆசை இருந்தது.

"நிறுத்த வேண்டாம். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிக்கட்டும்."

"அதுக்கு நிறுத்தவே சொல்லியிருக்கலாம்," என்றாள் தெரேசினா.

அந்த ஒரு மணி நேரம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, காலி மோக்காவுக்கு எதிரில் அதை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு மணி நேரம் விழித்திருக்க முடியாமல் ஆண்டவரின் சீடர்கள் தூங்கிப்போனதாகக் கோயிலில் வாசிப்பார்கள். அவர்களுக்கும் யாரும் காபி கொடுத்திருக்க மாட்டார்கள் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. லொரேதானா தினமும் அந்த நேரம் பார்த்துப் போன் செய்வாள். காவலுக்குத்தான்.

"இன்னும் குடிக்கலையே?"

"குடிக்கல. உன் குரலக் கேட்டா குடிச்ச மாதிரியே படபடங்குது."

அத்தையின் மகள் கல்யாணம், ரொக்கோ மனைவியின் சமையல், தொலைந்துபோன ஒரு வெள்ளித் தட்டு என்று ஏதாவது ஒன்றில் பிடித்துச் சண்டை போடுவார்கள். நேரம் ஆனதும் பாதி வாக்கியத்தில் தெரேசினா போனை வைத்துவிடுவாள். வெள்ளித் தட்டை யார் எந்த ஈஸ்டருக்கு எடுத்துப் போனார்கள் என்பது அவளுக்குத் தேதியோடு ஞாபகம் வந்த அன்றைக்கு, வாய்ச்சண்டையில் தோற்ற லொரேதானா ஏனோ அழுதாள்.

வசந்தம் வந்தபோது தெரேசினா ஒரு கம்பளிச் சட்டையோடு நடமாடிக்கொண்டிருந்தாள். இன்னொன்றை எப்போது கழற்றினாள் என்று அவளே கவனிக்கவில்லை. ரத்தம் சரியாகியிருந்தது. ஜோசலின் சொன்ன மூன்று சொற்களும் வந்தன. கிழமையும் வந்தது. ஏழேழாகக் கழிக்க மட்டும் கடைசிவரை மாட்டேன் என்றுவிட்டாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் ரொக்கோ வந்தான். அடுப்பைத் தொடவில்லை. கார் சாவியை மேசைமேல் வைத்தான்.

"காபி போடு மா."

"இப்பத்தான் மாத்திரை போட்டேன்."

"ஒரு மணி நேரம் உனக்குத்தானே? எனக்கு என்ன?"

"நீ குடிப்ப, நான் வாசனை பிடிச்சிட்டு உக்காந்திருக்கணுமா? உக்காரு."

ரொக்கோ உட்கார்ந்தான். முழங்காலை ஆட்டினான். கடிகாரத்தைப் பார்த்தான். எழுந்து போய் அலமாரியைத் திறந்து டப்பாக்களை நகர்த்தினான்.

"மா, அவசரத்துக்குத் தூள் காபி ஏதாச்சும் இருக்கா?"

தெரேசினா கார் சாவியை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

"இருக்கே. அந்த ரோஜாச் செடி வெச்ச எடத்துல. பிளாஸ்டிக் கோப்பையில மூடி போட்டே குடுப்பாங்க. போய்க் குடிச்சிட்டு வா."

ரொக்கோவின் காது சிவந்தது. அலமாரியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான். தெரேசினா மோக்காவைத் திருகித் திறந்து, அவன் கண்ணெதிரே மட்டம் பார்த்துத் தண்ணீரை ஊற்றி, தீ மூட்டாமல் அடுப்பின்மேல் வைத்தாள்.